வடக்கு வழியும் நமது இலக்கியமும்

பிரயாண நூல்களைப் படிப்பதில் நம்மவருக்கு ஒரு புதிய ஆர்வம் பிறந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்க விஷயமே. சிரம்பான் பட்டணத்தில் கடை நடத்தும் வாலிபரும், பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டும் வாலிபரும் இன்று ஒரே வகைப் பிரயாணக் கதையை விரும்பிப் படிக்கிறார்கள். சிறு லோரி ஒன்றின் முதுகிலே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திக்கொண்டு, வட அமெரிக்காவின் வடகோடிக் காடுகளை நோக்கிக் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டுச் செல்வோரின் கதை அது. வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் ஆளரவமற்ற பாதையில் போவது என்றால் யாருக்குத்தான் மனம் துள்ளாது?

இவ்வகை நூல்களில் நல்லவையும் உண்டு, வெறும் பகட்டும் உண்டு. நல்லவற்றை அறிந்துகொள்வது எளிது. எழுதியவர் எத்தனை மைலுக்கு ஓரிடத்தில் எண்ணெய் கிடைத்தது என்று சொல்வார். எந்த ஆற்று நீரைக் காய்ச்சிக் குடித்தார் என்று சொல்வார். சக்கரம் சேற்றில் புதைந்தபோது கயிறு கொடுத்தவர் யார் என்று சொல்வார். படித்து முடித்தவன் அவ்வழியே தானும் போய்வர இயலும். பகட்டு நூலிலோ வழி இராது. ஆசிரியரின் உள்ளக் கிளர்ச்சி மாத்திரமே பக்கந்தோறும் நிரம்பியிருக்கும். ஆதலால் ஒரு பிரயாண நூலைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘இதில் வழி தெரிகிறதா?’ என்பதேயாகும்.

இந்த அளவுகோல் மேனாட்டாரிடம் நாம் கடன் வாங்கியதன்று. ஆற்றுப்படை என்று ஒரு நூல்வகையையே வகுத்து வைத்தவர்கள் தமிழர்கள். சென்று வந்தவன், செல்லப்போகிறவனுக்கு வழி சொல்லுவதே அதன் இலக்கணம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், அவனை நாடிப்போகும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியைக் கூறுகிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், கால் வழுக்கும் பாறை எது, பாம்பு உறையும் குழிகள் எங்கே, தினைப்புனங் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும், எந்தச் சிற்றூரில் சோறு கிடைக்கும் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துரைக்கிறான். புகழ்ச்சியும் அதிலே உண்டு. ஆயினும் நம்பி வருகிறவனைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பே அந்தப் பாட்டின் முதுகெலும்பு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, வடகோடி வனாந்தர நூல்கள் எல்லாம் புகழும் அந்த நெடுஞ்சாலையை முதலில் பார்ப்போம். கனடாவிலே தொடங்கி அலாஸ்காவிலே முடியும் அச்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளம் உடையதாக 1942-ஆம் ஆண்டில் யுத்தத்தின் பொருட்டு அமைக்கப்பட்டது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மார்ச்சில் தொடங்கி, அக்டோபருக்குள் வழியைத் திறந்துவிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். அவர்களுடைய உழைப்பு நெடுங்காலம் பேசப்படவேயில்லை. அந்நிலத்தின் பூர்வகுடிகளோ, சாலையோடு வந்த தொற்றுநோய்களுக்குத் தங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். இன்று அவ்வழியே வீட்டுலோரியில் போகிறவர், ‘மனிதன் காலடி படாத காடு’ என்று எழுதுவாரானால், அவர் கண் திறந்து பார்க்கவில்லை என்றே நாம் சொல்லுவோம். பாதை இருக்குமிடத்தில் பாதை போட்டவனும் இருந்திருப்பான் அன்றோ!

அதே 1942-ஆம் ஆண்டில் ஆசியாவிலும் வடக்குக் காட்டை நோக்கி ஒரு வழி வெட்டத் தொடங்கினார்கள். சயாமில் பாம்போங் அருகேயுள்ள நொங்பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. ஜப்பானிய ராணுவம் ஆரம்பித்த அவ்வேலை 1943 அக்டோபர் 17-ஆம் தேதி கொன்கொயித்தா என்னுமிடத்தில் இருமுனைத் தண்டவாளமும் இணைந்து முடிவுற்றது. அதைப் போட்டவர்களிலே நமது பாட்டன்மார் இருந்தார்கள். இதை அறியாத தோட்டத்துத் தமிழர் இல்லை. ஆனால் அறிந்தது எவ்வளவு? அதை நமது இலக்கியம் எவ்விதம் சொல்லியிருக்கிறது? இவையே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவன.

முதலில் செய்தியைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். ஜப்பானியர் வந்தபின் ரப்பருக்கு ஏற்றுமதி இல்லை. தோட்டங்கள் தூங்கின. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. துணிக்கும் பஞ்சம். அந்தச் சமயம் பார்த்து, சயாமிலே வேலை இருக்கிறது, மூன்று மாதந்தான், நாளுக்கு ஒரு டாலர் கூலி, ரயில் செலவும் சாப்பாடும் இலவசம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர் பலர். பிற்பாடு நம்புவார் இல்லாதபோது, பெயர் எழுதிக் கொடுக்கும்படி தோட்டங்களுக்கு உத்தரவு வந்தது. தெருவிலும் கூட்டங்களிலும் பிடித்து லோரியில் ஏற்றினார்கள். இதனைப் பொய் ஆற்றுப்படை என்றே நாம் அழைப்போம். வழி அறியாதவன், அல்லது அறிந்தும் மறைப்பவன், சோறும் பரிசும் உண்டு என்று கூறிச் சாவுக்கு வழி காட்டினான். கூத்தன் சொன்ன பாம்பும் பொறியும் வழுக்குப் பாறையும் இந்த ஆற்றுப்படையில் மறைக்கப்பட்டன.

லயத்திலிருந்து லோரியில் ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷனிலிருந்து மூடிய சரக்கு வண்டியில் கோலாலம்பூர், ஈப்போ, பாடாங் பெசார் எல்லை கடந்து பாம்போங்குக்கு, அதன் பிறகு பலர் கால்நடையாக மழைக்காட்டினுள்ளே. இதுவே நமது வடக்கு வழி. 1943 மழைக்காலத்தில் காலரா மூண்டது. மலாயாவிலிருந்து சென்றவர்கள் 75,000 பேர் அளவில் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர் என்றும், ஆசியத் தொழிலாளர் எல்லாருமாக மாண்டவர் 90,000 அளவில் என்றும் மதிப்பிடுகிறார்கள். வெள்ளைக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர்களில் 12,000க்கு மேல் மாண்டார்கள். காஞ்சனாபுரியின் பெரிய யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறார்கள். நமது இறந்தோரின் எண்ணிக்கையிலோ ஆயிரங்களே தடுமாறுகின்றன. பெயர் எழுதப்பட்டவர்களுக்கும் பெயர் எழுதப்படாதவர்களுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

பிறர் இவ்வழியை எவ்வாறு எழுதினார்கள்? பிரெஞ்சுக்காரராகிய பியேர் பூல் 1952-இல் எழுதிய குவாய் நதிப் பாலம் பற்றிய நாவல் உலகப் பிரசித்தம் பெற்றது. 1957-இல் அதைப் படமாகவும் எடுத்து, இலங்கையில் கித்துல்கல என்ற இடத்திலே பாலங்கட்டித் தகர்த்துக் காட்டினார்கள். பூல் யுத்தத்துக்கு முன்பு மலாயா ரப்பர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். நமது லயங்களைக் கண்ணாற் கண்டவர். ஆயினும் அவருடைய நாவலின் நடுவே நிற்பவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்களுடைய மான உணர்ச்சியுமே. பால் மரக்காட்டில் தினமும் தம் எதிரே நடமாடிய மக்கள் அதே நதிக்கரையில் எண்ணிறந்து மடிந்தது அவர் கதைக்கு மையமாகப் படவில்லை. இதற்காக அவரை வையவேண்டியதில்லை. தம் இனத்தார் கதையை அவர் எழுதினார்; நம் கதையை நாம் எழுதாதது அவர் குற்றமன்று.

ஆஸ்திரேலியராகிய ரிச்சர்ட் பிளானகனின் நாவல் இன்னும் சிந்திக்கத்தக்கது. அவருடைய தந்தை இப்பாதையில் கைதியாக உழைத்து உயிர்தப்பியவர். 2014-இல் புக்கர் பரிசு பெற்ற அந்நூலுக்கு அவர் சூட்டிய பெயர், ‘வடக்கின் உள்நாட்டுக்குச் செல்லும் ஒடுங்கிய வழி’ என்னும் பொருளுடையது. அது ஜப்பானியக் கவி பாஷோவின் பிரயாண நூலுக்குரிய பெயர். பாஷோ 1689-இல் சீடர் ஒருவருடன் ஜப்பானின் வடபுலத்துக்கு மாதக்கணக்காக நடந்தார். இரவுக் குளிருக்குக் காகித அங்கி, மழைக்கு மேலாடை, எழுதுகருவிகள், நண்பர்கள் கொடுத்ததால் எறிய மனம் வராத சில பொருள்கள் என்று தம் மூட்டையையும் கணக்குச் சொல்கிறார். தெள்ளுப்பூச்சியும் குதிரையும் உடனுறைந்த குடிசையில் படுத்ததையும் மறைக்கவில்லை. 500 ஆண்டுகளுக்கு முன் வீரர்கள் மடிந்த களத்தில் புல் முளைத்திருப்பதைப் பார்த்து, உட்கார்ந்து கண்ணீர் விடுகிறார். அத்தகைய நூல் பிறந்த நாட்டின் ராணுவமே நம் மக்களை வடக்கே நடத்திச் சென்றது. இறந்தோர் மேல் முளைத்த புல்லைப் பார்த்து அழுதவர் பாஷோ. நம்மவர் மேல் முளைத்த மூங்கிலைப் பார்த்து எழுதியவர் யார்? பிளானகன் தம் தந்தைக்காக எழுதினார். அவ்வளவு நமக்குப் பாடம்.

இனித் தமிழுக்கு வருவோம். பிரயாண இலக்கியத்தில் நாம் வறியவர்கள் அல்லோம். ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940-இல் வெளிவந்தது. ‘மலேயா முதல் கனடா வரை’ என்றே அவர் ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். தம்மை முன்னே நிறுத்தாமல், கண்ட மனிதர்களை முன்னே நிறுத்தி, சிறு சிறு வாக்கியங்களில் விஷயத்தைச் சொல்லும் அவர் நடையை மிஞ்சியவர் அருமை. ஆனால் அவர் டிக்கட்டு வாங்கிப் போனவர், வேண்டும்போது திரும்பியவர்.

டிக்கட்டு இல்லாத பிரயாணத்துக்கும் தமிழில் நூல் உண்டு. வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ அது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தபின், பர்மாவிலிருந்த இந்தியரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் தாயகம் நோக்கி ஓடினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் காடும் மலையும் கடந்து அஸ்ஸாம், மணிப்பூர், அரக்கான் வழிகளில் நடந்தவர்கள். வழியிலே பல்லாயிரவர் மாண்டார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்ததாக அக்காலத்தில் பெருங்குற்றச்சாட்டு எழுந்தது. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தி வந்த சர்மா அந்த ஓட்டத்திலே ஒருவர். அவர் தலைப்பில் வைத்த சொல்லைக் கவனிக்கவேண்டும். ‘ஓட்டம்’ என்றோ ‘துயரம்’ என்றோ சொல்லாமல் ‘வழி நடை’ என்றார். துன்பப்பட்டவன் தன்னைப் பிரயாணி என்று அழைத்துக்கொள்ளும் உரிமையை அந்த ஒரு சொல் நிலைநாட்டுகிறது. எழுத்துப் பழகிய கை. ஆதலால் அவ்வழி அழியாமல் நின்றது.

வடக்கே போன தோட்டத் தொழிலாளிக்கோ காகிதமும் இல்லை, ஓய்வும் இல்லை. திரும்பி வந்தபோது தோட்டத்தில் அவனுக்காகக் காத்திருந்தது பால் வாளியும் உளியுமேயன்றி மேஜையும் பேனாவும் அல்ல. அவன் கதை நாவலாக வருவதற்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, பிறகு அ. ரங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டும் மலேசியத் தமிழர் நன்றியோடு போற்றவேண்டிய நூல்கள். மறதியின் வாயிலிருந்து ஒரு தலைமுறையின் கதையை மீட்டவை அவை. ஆயினும் நாவலுக்கு என்று ஒரு தர்மம் உண்டு. அது ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவன் காதலையும் கதியையும் பின்தொடர வேண்டும். வாசகன் அவன் பிழைப்பானா என்றே தவிப்பான். அவனுக்கு வலப்புறம் நடந்தவன், இடப்புறம் விழுந்தவன் ஆகியோர் கதைக்குப் பின்புலமாகிவிடுகிறார்கள். நாவலிடம் ஆற்றுப்படையின் வேலையைக் கேட்பது நியாயமாகாது. அந்த வேலையைச் செய்யவேண்டிய நூல்வகை நம்மிடம் இன்னும் தோன்றவில்லை என்பதே நமது குறை.

அதன் இடத்தை இதுவரை நிரப்பிவந்தது ஒப்பாரி. ஒப்பாரியை நாம் இகழவில்லை. எழுத்தறியாத தாய்மாரின் இலக்கியம் அது. ஆனால் ஒப்பாரி ‘போனாயே’ என்று சொல்லுமே தவிர, எவ்வழி போனாய் என்று சொல்லாது. வழி இல்லாத துயரம் கடைசியில் தலைவிதியிலே போய் முடியும். உத்தரவு போட்டவன் ஒருவன், பெயர் எழுதிக் கொடுத்தவன் ஒருவன், லோரி ஓட்டியவன் ஒருவன் என்றிருக்க, அத்தனை பேரும் மறைந்து ‘எழுத்து’ ஒன்றே எஞ்சும். செய்தவனை மறக்கச் செய்யும் இலக்கியம் எவ்வளவு உருக்கமாயிருந்தாலும் நமக்குப் போதாது.

இதை நாம் புத்தகத்தில் கற்கவில்லை. சில காலத்துக்கு முன் ஒரு கலியாணத்தை முன்னிட்டுப் பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பந்தலில் எண்பது வயதை எட்டிய ஓர் அம்மையார் பக்கத்தில் அமர நேர்ந்தது. அவருடைய தந்தையார் சயாமுக்குப் போய்த் திரும்பியவர் என்று கேள்விப்பட்டுப் பேச்சுக் கொடுத்தோம். “எல்லாம் தலையெழுத்து, தம்பி” என்று தொடங்கி, நாலைந்து அடி ஒப்பாரியும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்துடன் நின்றிருக்கலாம். “பாட்டி, அப்பா எந்த ஸ்டேஷனில் ஏறினாராம்?” என்று கேட்டோம். அவர் முகம் மாறிற்று.

“சிரம்பான் ஸ்டேஷன். லோரியில கொண்டாந்து இறக்கினானாம். வண்டியில கால் நீட்ட எடமில்லே. மாத்தி மாத்தி உட்கார்ந்தாங்களாம். அஞ்சு ராத்திரி. எஞ்சினிலே வடியற சுடுதண்ணியத் துண்டுல நனைச்சு ஆளுக்குக் கொஞ்சம் பிழிஞ்சுக்குவாங்களாம்.”

பிறகு நடந்த கதை. பச்சை மூங்கிலை வெட்டிக் கணுவிலே நீர் வைத்துக்கொண்டது. மழையில் இரவெல்லாம் நடந்தது. அதே லயத்து அடுத்த வீட்டுக்காரர் நீக்கே முகாமில் வாந்தியெடுத்து விழுந்தது. அவர் துண்டை மாத்திரம் தந்தையார் கொண்டுவந்து அவர் மனைவியிடம் கொடுத்தது. எல்லாம் தெளிவாக வந்தன. தந்தையார் தங்கிய இடங்கள் பதினொன்றாம். சிறுமியாயிருந்த தம் மகளுக்கு அவற்றை விரல்விட்டு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்தாராம். அம்மையார் கையை விரித்து எண்ணத் தொடங்கினார். பாம்போங், காஞ்சனாபுரி, தார்சோ, நீக்கே. நான்காவது விரலோடு நின்றுவிட்டார். இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணினார். நான்குதான்.

“ஒப்பாரியக் கேட்டவங்க நெறைய பேரு, தம்பி. ஊர் பேர யாரும் கேக்கலே. சொல்லாமயே இருந்து மறந்து போச்சு” என்றார்.

பதினொன்றில் ஏழு போய்விட்டது. பாதை வெட்டிய மனிதர் தம் குழந்தைக்குக் கொடுத்த ஒரே சொத்து அது. அவர் செய்தது என்ன? ஆற்றுப்படையேயன்றி வேறென்ன? கூத்தன் செய்ததை எழுத்தறியாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளி செய்திருக்கிறார். படித்தவர்களாகிய நாம் அதை இலக்கியம் என்று அறியவில்லை. காகிதத்தில் ஏற்றியிருந்தால் ஒரு பக்கம் ஆகியிருக்கும். அந்த ஒரு பக்கம் நம் பிரயாண இலக்கியத்தில் பல தொகுதிகளுக்குச் சமமாக நின்றிருக்கும்.

அடித்து இழுத்துச் செல்லப்பட்டதைப் பிரயாணம் என்று கூறுவது கொடுமைக்கு நல்ல பெயர் சூட்டுவதாகாதா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்களைச் சுமையாக ஏற்றியவன் ஜப்பானியன். சுமைக்கு வழி தெரியாது, மனிதனுக்குத் தெரியும். மூடிய வண்டியின் இடுக்கு வழியே ஸ்டேஷன் பெயரைப் படித்தவனும், முகாம்களை விரல்விட்டு எண்ணியவனும், அடுத்த வீட்டுக்காரன் துண்டை மடித்து வைத்தவனும் சுமைகள் அல்லர். அவர்களைப் பிரயாணிகள் என்று அழைப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. நெஞ்சறிந்து நடந்தவர்களை வெறும் பலி என்று மாத்திரம் எழுதுவோமானால், ஜப்பானியன் போட்ட கணக்கையே நாமும் போட்டவர்களாவோம்.

நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. கெமாஸிலிருந்து பகாவ் வழியாக வடக்கே காட்டை ஊடுருவிச் செல்லும் கிழக்குக்கரை ரயில்பாதையை நாம் எல்லோரும் அறிவோம். அப்பாதையில் மெந்தகாப்புக்கு அப்பால் நெடுந்தூரத்துக்கு ஜப்பானியர் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் பாதைக்குப் பயன்படுத்தினார்கள். யுத்தத்துக்குப் பின் புதிய தண்டவாளம் போட்டு அப்பாதையைச் செப்பனிட்டாயிற்று. ஆனால் சிரம்பான், தம்பின், போர்ட்டிக்சன், லிங்கி, கோலப்பிலா வட்டாரத் தோட்டங்களிலிருந்து பெயர்த்தெடுத்த மனிதர்களின் இடத்தைச் செப்பனிடுவார் இல்லை. லயங்கள் பல இடிந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புக்கள் எழுந்துள்ளன. சென்று திரும்பியோரில் இன்று உயிரோடிருப்பவரைக் காண்பது அரிது. அவர்களுடைய பிள்ளைகளே தள்ளாத வயதினர். இன்னும் பத்து ஆண்டு சென்றால் எண்ணுவதற்கு விரலும் இராது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இதுதான். நாவல் எழுத வல்லவர் நாவல் எழுதுக. பாட்டு வல்லவர் பாட்டு எழுதுக. எழுத வராதவர் என்று தம்மை நினைத்துக்கொண்டிருப்பவர் ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவரிடம் போய் உட்காரட்டும். எந்தத் தோட்டம், யார் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், எந்த ஸ்டேஷன், எத்தனை இரவு, எந்த முகாம், பக்கத்தில் நடந்தவர் யார், எந்த ஆற்றங்கரையில் யாரைப் புதைத்தார்கள் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதட்டும். அழகு வேண்டியதில்லை, பெயரும் இடமும் பிழையில்லாமல் இருந்தால் போதும். பல கொப்பிகள் சேர்ந்தால், ஒருவர் மறந்த ஏழு ஊர்களை மற்றொருவர் கொப்பி நிரப்பக்கூடும்.

வடகோடிக் காட்டுக்கு வீட்டுலோரியில் போகும் மேனாட்டாரின் நூல்களை நம் வாலிபர்கள் தாராளமாகப் படிக்கட்டும். எண்ணெயும் தண்ணீரும் மைலும் குறித்து வைக்கும் அவர்களுடைய நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொண்டு, கலியாணப் பந்தலில் நான்காவது விரலோடு நின்றுபோன அந்த அம்மையாரைப் போன்றோரிடம் போய், ஐந்தாவது ஊர் எது என்று கேட்கட்டும்.